ஞாயிற்றுக்கிழமை வீரம் வேண்டாம், அன்றாட அரை மணி போதும்

பினாங்கில் சைக்கிள் ஓட்ட நினைக்கிறவர் வெயிலையும் லோரியையும் சமாளிப்பதற்கு முன்னால் கடிகாரத்தைச் சமாளிக்க வேண்டும். காலை ஆறரைக்கு ஜன்னலைத் திறந்தால் வெளியே கும்மிருட்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "என்னக்கா, உங்க ஊர்ல சூரியனுக்கும் ஷிப்டு மாத்திப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். ஒரு வகையில் மாற்றித்தான் போட்டார்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதனால் இங்கே ஏழு மணிக்கு முன்னால் சூரியன் வருவதில்லை. பிப்ரவரியில் ஏழரையும் தாண்டிவிடும். எட்டு மணிக்குப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இருக்க வேண்டிய என்னைப் போன்றவர்கள் காலையில் ஓட்டினால் இருட்டில்தான் ஓட்ட வேண்டும்.

இதில் லாபமும் உண்டு. மாலையில் ஏழு மணிவரை தாராளமாக வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் போட்டுவிட்டு, அது வேகிற நேரத்தில் ஒரு சுற்று போய் வரலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

என்னைச் சைக்கிள் பக்கம் தள்ளியது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. வேலையிடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது, அதாவது நீரிழிவின் வாசற்படி. அன்றைக்குக் காலையில் உள்ள சர்க்கரையை மட்டும் காட்டும் பரிசோதனை இல்லை இது. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதம் நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதைச் சொல்லிவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. "மாத்திரை இப்போ வேணாம்மா, ஆனா சும்மா இருந்துடாதீங்க" என்றார் டாக்டர். அம்மாவும் பெரியண்ணனும் இன்சுலின் ஊசியோடு காலம் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முன்னால் நிற்கிறோம். கல்யாண வீட்டில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

முதலில் நடந்துதான் பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே வலது முட்டி வீங்கிவிட்டது. சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது, முட்டி வெறுமனே மடங்கி நிமிர்ந்தால் போதும் என்று பிசியோதெரபி செய்த பெண் சொன்னதும் எனக்குச் செபராங் பிறை ரப்பர்த் தோட்டத்து நாள்கள் நினைவுக்கு வந்தன. அப்பாவின் பெரிய சைக்கிளில், பால் வாளி மாட்டுகிற கேரியரோடு, குரங்குப் பெடல் போட்டுத்தான் நாங்கள் எல்லோரும் பழகினோம். நீச்சல் மாதிரிதான் அது, மறக்கவில்லை.

சர்க்கரைக்கும் சைக்கிளுக்கும் உள்ள சம்பந்தத்தைத் தெரிந்துகொண்டதும்தான் எப்படி ஓட்டுவது என்பதே எனக்குப் பிடிபட்டது. நம் உடம்பில் சர்க்கரையை அதிகம் செலவழிப்பது தசை. தொடையிலும் பிட்டத்திலும் இருப்பவை பெரிய தசைகள், பெடல் மிதிப்பது அவற்றின் வேலை. சும்மா இருக்கும்போது தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் வராமலேயே அது ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஓட்டி முடித்த பிறகும் இன்சுலின் சொல்வதைத் தசை கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். ஆனால் இந்த நல்ல பேச்செல்லாம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். அப்புறம் பழைய குணம் திரும்பிவிடும். நீரிழிவுக்காரர்கள் உடற்பயிற்சி இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எங்கள் வேலையிடத்தில் ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் சிலர் உண்டு. விடிவதற்குள் கிளம்பி பத்து பிரிங்கி, தெலுக் பஹாங், மலையேறி பாலிக் புலாவ், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் என்று தீவையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்கள். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். திங்கட்கிழமை நொண்டி நொண்டி வருவார்கள், அடுத்த ஞாயிறுவரை சைக்கிளைத் தொட மாட்டார்கள். இதயத்துக்கு அதுவும் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சர்க்கரையை நினைத்து ஓட்டுகிற நடுவயதுக்காரருக்கு அந்த எழுபதை ஒரே நாளில் கொட்டுவதைவிட வாரம் முழுக்கப் பிரித்துக்கொள்வது மேல். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அரை மணி வீதம் ஐந்து நாள் ஓட்டினாலே அந்த 150 வந்துவிடுகிறது. மீதி நாளில் வீட்டு வேலை போதாதா என்று கேட்கிற அக்காமார்களுக்கு: வீட்டு வேலை நம்மைக் களைப்பாக்கும், ஆனால் பெரும்பாலும் மூச்சு வாங்க வைக்காது. இரண்டும் வேறு.

மிதமான என்றால் எவ்வளவு? நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நான் ஓட்டும்போது ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துப் பார்ப்பேன். சரணம்வரை சுகமாக வந்தால் மெதுவாகப் போகிறேன் என்று பொருள். பல்லவியிலேயே மூச்சு அறுந்தால் குறைத்துக்கொள்வேன். கியரை லேசாக வைத்துக்கொண்டு நிறைய மிதிப்பது முட்டிக்கு நல்லது. கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதித்தால் அடுத்த நாள் முட்டி கேள்வி கேட்கும்.

சைக்கிள் வாங்கும்போது விலையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், சீட்டு உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜெலுத்தோங்கில் நான் போன கடையின் சீன அங்கிள் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். சீட்டில் உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார். பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி தானாகவே கொஞ்சம் மடங்கி நிற்கும். நம்மில் பெரும்பாலோர், முக்கியமாகப் பெண்கள், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரி சீட்டைத் தாழ்த்தி வைத்துவிடுகிறோம். அப்படி ஓட்டினால் முட்டிச் சில்லுக்கு முன்னால் வலி வரும். ரொம்ப உயர்த்தினாலும் இடுப்பு இடமும் வலமும் ஆடும், முட்டிக்குப் பின்னால் இழுக்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் போதும், தரை எட்டவில்லையே என்ற பயம் போய்விடும்.

உட்காருகிற இடத்து வலி பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை என்பதால். மெத்தை மாதிரி சீட்டு வாங்கினால் வலிக்காது என்று தோன்றும். பத்து நிமிடத்துக்கு அது சரி. அரை மணிக்கு மேல் போனால் அந்த மெத்தையே உரசிப் புண்ணாக்கும். உட்காரும் எலும்புகள் இரண்டும் பதிகிற அகலத்தில், ஓரளவு கெட்டியான சீட்டுதான் நல்லது. பெண்களுக்கு அந்த எலும்புகள் கொஞ்சம் அகன்று இருப்பதால் அதற்கென்றே அகலமான சீட்டு கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். பேட் வைத்த சைக்கிள் கால்சட்டையை மேலே ஒரு தொளதொளப் பேண்ட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன், வெளியே தெரியாது. அதற்குள் உள்ளாடை வேண்டாம், தையல் உரசும்.

ஹெல்மெட்டும் விளக்குகளும் சைக்கிள் வாங்குகிற அன்றைக்கே வாங்க வேண்டியவை. அப்புறம் பார்த்துக்கலாம் என்பது எப்போதும் வராத அப்புறம்.

நான் வழக்கமாகப் போகிற வழி கர்ப்பால் சிங் டிரைவ் பக்கம் தொடங்கி, துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையை ஒட்டிய கடலோரப் பாதையில் தெற்கே போவது. மேட்டுநிலம் கிடையாது. கடற்காற்று போகும்போது முகத்தில் அடித்தால் வரும்போது முதுகைத் தள்ளும். 1985இல் திறந்த பினாங்குப் பாலம் பக்கத்தில் வரும்போது மேலே நகர முடியாமல் நிற்கிற கார்களைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். இன்னும் தெற்கே குயின்ஸ்பே போனால் எதிரே ஜெரெஜாக் தீவு. கப்பலில் வந்த நம் ஆட்கள் பலரைத் தோட்டங்களுக்கு அனுப்பும் முன் தொற்றுநோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த இடம் அது. அந்த இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மீன் பிடிக்க வந்த மலாய்ப் பெரியவர்கள், ஓட வந்த மாணவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தமிழ்க் குடும்பம். தலையாட்டிக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். இதை எந்தப் பரிசோதனைச் சீட்டும் அளக்காது, ஆனால் வேலையில் இருந்து தூக்கிக்கொண்டு வந்த எரிச்சல் பாதி வழியிலேயே கழன்றுவிடும். இரவில் படுத்ததும் தூக்கம் வருகிறது.

சாலையில் இறங்கினால் வேறு கதை. ஜார்ஜ்டவுனில் சைக்கிளுக்குக் கோடு போட்ட இடங்களில் கார்கள் நிற்கும். லெபோ ஆர்மேனியனில் 2012இல் வரைந்த சுவரோவியம் ஒன்று இருக்கிறதே, நிஜமான பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரில் பதித்து அதில் இரண்டு பிள்ளைகள் போகிற மாதிரி, அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். சுவரில் ஒட்டிய சைக்கிளுக்கு வரிசை, ரோட்டில் ஓடுகிற சைக்கிளுக்கு ஹார்ன். நிறுத்தி வைத்த கார்களை ஒட்டிப் போகாதீர்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, ஒரு மீட்டராவது விட்டுப் போங்கள். சாக்கடை மூடிகளின் கம்பி இடைவெளி நாம் போகிற திசையிலேயே இருந்தால் ஒல்லியான டயர் உள்ளே இறங்கிவிடும். லோரிக்கு இடப்பக்கம் நுழைந்து சந்தியில் நிற்கவே கூடாது. அது இடது பக்கம் திரும்பினால் ஓட்டுநருக்கு நாம் தெரிய மாட்டோம். பின்னால் போய் நில்லுங்கள், அரை நிமிடம்தான் தாமதம்.

பெருநிலத்துக்குப் போக ஆசை இருந்தால் ஃபெரி இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் வந்த புதிய ஃபெரிகளில் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏற்றலாம். பட்டர்வொர்த்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு இப்படிப் போய் இறங்கினால் அண்ணிக்குச் சிரிப்பு தாங்காது.

இனி சாப்பாடு. என் அளவு உடம்புள்ளவர் ஒரு மணி நேரம் மிதமாக ஓட்டினால் ஏறத்தாழ 400 கலோரி போகும். ஒரு ரொட்டி சானாய் 300 கலோரிக்குப் பக்கம். கெட்டிப்பாலும் சர்க்கரையும் போட்ட தே தாரேக்கைச் சேர்த்தால் ஒரு மணி நேர மிதிப்புக்கும் மாமாக் கடை மேசையில் பத்து நிமிடத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள் சவாரி முடிந்து நேராகப் பசியாறப் போவது நாசி கண்டார் கடைக்கு. அந்தக் கூட்டத்தின் கலகலப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை. நான் செய்தது ஒன்றுதான்: தே தாரேக்கை விட்டுவிட்டு, சர்க்கரை போடாத தே ஓ கோசோங்குக்கு மாறினேன். முதல் வாரம் கஷாயம் குடிக்கிற மாதிரி இருந்தது, இப்போது இனிப்புத் தேத்தண்ணி வாயில் ஒட்டுகிறது. அரை மணி ஓட்ட வெறும் தண்ணீர் போதும். ஒரு மணிக்கு மேல் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஓட்டினால் வியர்வையோடு உப்பும் போகும், அதற்கு இளநீர் இருக்கவே இருக்கிறது.

எடை? பலரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரிதாகக் குறையவில்லை. இடுப்புத் துணி தளர்ந்தது, தராசு அவ்வளவாக அசையவில்லை. ஆனால் அடுத்த பரிசோதனையில் 6.1 என்பது 5.8 ஆகியிருந்தது. சைக்கிளால் எவ்வளவு, தே தாரேக்கை விட்டதால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டையும் தொடரச் சொன்னார்.

சைக்கிளால் ஆகாதது ஒன்று உண்டு. உடம்பின் பாரம் சீட்டில் இருப்பதால் எலும்புக்கு அதில் வேலை இல்லை. மாதவிடாய் நிற்கிற வயதில் எலும்பு தேய்வது வேகமாகும், அதற்குப் பாரம் தாங்குகிற வேலை வேண்டும். நான் வெள்ளிக்கிழமைகளில் தண்ணிமலைக்குப் போய், சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, 513 படியும் ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வருகிறேன். முட்டிக்கு இறங்குவதுதான் சிரமம், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குவேன். சைக்கிளில் தொடைத் தசை வலுவான பிறகுதான் அந்தப் படிகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

விடுமுறை நாளில் சைக்கிள்களைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் பாலிக் புலாவ் போவோம். மலைப் பாதையில் கார் ஏறட்டும், நாங்கள் அந்தப் பக்கம் இறங்கி சமதரையில் ஓட்டுகிறோம். சுங்கை பூரோங் பக்கம் வயல் நடுவே ஒற்றைக் கார் அகலத்தில் சாலைகள். நாற்று நட்ட காலத்தில் பச்சை, அறுப்புக்கு முன்னால் மஞ்சள், கொக்குகள். டுரியான் காலத்தில் வாசமே வழிகாட்டும். சந்தைப் பக்கம் லக்சாவும் ஜாதிக்காய்ச் சாறும். அவர் இரண்டாவது கிண்ணம் கேட்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அங்கே தொல்லை கம்பத்து நாய்கள்தான். துரத்தினால் வேகமெடுக்காதீர்கள், அது அவற்றுக்கு விளையாட்டு. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அதட்டிவிட்டு நடந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

"இந்த வயசுல சைக்கிளா?" என்று ஃபிளாட்டில் கேட்காதவர் இல்லை. ஒலிம்பிக்வரை போய்ச் சைக்கிள் ஓட்டிய முருகையன் குமரேசன் நம் நாட்டுக்காரர்தான் என்று சொன்னால் சிலர் வாயைப் பிளக்கிறார்கள். மேல்மாடி அக்கா முதலில் சிரித்தவர், இப்போது என்னோடு வருகிறார். தனியாக இருட்டில் போவதற்கு இரண்டு பெண்களாகப் போவது எவ்வளவோ மேல். ஃபோனில் நாங்கள் இருக்கும் இடத்தை வீட்டாருக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். அவர் ஏற்கனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவர். சில மாத்திரைகளும் இன்சுலினும் உடற்பயிற்சியோடு சேர்ந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் என்பதால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். அவர் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். கை நடுங்கி, திடீரென்று வியர்த்து, தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்தி வாயில் போட வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ, இதயத்தில் ஏற்கனவே கோளாறோ உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சில நாள் ஓட்டவே முடியாது. சுமத்ரா பக்கத்துப் புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நூறைத் தாண்டினால் நான் சைக்கிளை எடுப்பதில்லை, அந்தப் புகையை ஆழமாக இழுத்து என்ன ஆரோக்கியம்? செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை மாலை மழை வேறு. அப்போது காலை இருட்டுக்கு மாறிக்கொள்வோம், அல்லது ஃபிளாட்டு மாடிப்படி. நனைந்து வந்தால் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் உப்புக்காற்றுக்காக வாரம் ஒருமுறை எப்படியும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறி ஒவ்வொரு மிதிக்கும் முனகும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார். ஒரு நாள் நல்ல வாசமாக இருந்தது, அடுத்த வாரம் செயின் முழுக்க மணல் அப்பியிருந்தது. சைக்கிள் கடையில் செயின் எண்ணெய் என்று கேட்டாலே சின்னக் குப்பியில் கொடுப்பார்கள், மாதக்கணக்கில் வரும்.